கூடம் கோணல்

ஜூன் 3, செவ்வாய்

கடையில் இன்று ஒரு பஞ்சாயத்து. போன வாரம் கண்ணாடி வாங்கிப் போன ஓட்டுநர் ஒருவர் திரும்பி வந்து நின்றார். அதைப் போட்டால் படிக்கட்டு தூக்கிக்கொண்டு வருகிறதாம். "கண்ணு போயிடுச்சு சார், இனிமே எப்படி வண்டி ஓட்டப் போறேன்" என்று கிட்டத்தட்ட அழுதுவிட்டார். வாங்கிப் பார்த்தேன். வலக்கண்ணுக்கு வர வேண்டிய லென்ஸை இடப்பக்கம் மாட்டியிருக்கிறார்கள். லென்ஸ் பொருத்துகிறவரைக் கூப்பிட்டு, "முதல்ல கண்ணாடியைப் பாருங்க. கண்ணைக் குறை சொல்றது எல்லாத்துக்கும் கடைசி" என்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். உபதேசம் செய்வதில் எனக்கு என்றைக்கும் குறைச்சல் இல்லை.

வீட்டுக்கு வந்தால் இவள் போனை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். ஏதோ கெட்ட செய்தி என்றுதான் நினைத்தேன். "கீபோர்டு அண்ணன் பேசினார்" என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் நான்கு வருடம் இவள் ஓர் இசைக்குழுவில் பாடிக்கொண்டிருந்தாள். அதில் கீபோர்டு வாசித்தவர். இப்போது பத்துத் தாலாட்டுகளைச் சேர்த்து ஒரு தொகுப்பு வெளியிடுகிறாராம். அதில் ஒன்றை இவள்தான் பாட வேண்டுமாம். ஸ்டூடியோவுக்கு வசதி இல்லை, கைக்கு அடக்கமான விலையில் நல்ல மைக்காக ஒன்று வாங்கி வீட்டிலேயே பாடி ஜூலை பத்துக்குள் அனுப்பு என்றிருக்கிறார்.

"இருபத்து மூணு வருஷம் ஆச்சு. இப்பப் போய் நானா" என்றாள். வேண்டாம் என்று சொல்கிற முகமாக அது இல்லை. அவளை அப்படிப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது.

"மைக்கை என்கிட்ட விட்டுடு" என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

நாள் முழுக்க மைக் ஆராய்ச்சி. நோட்டில் ஆறு பக்கம் எழுதிவிட்டேன். இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று மேடையில் கையில் பிடித்துப் பாடுவது. வாயருகே வைத்தால்தான் கேட்கும், சுற்றுச் சத்தத்தை அதிகம் சட்டை செய்யாது. இன்னொன்று தாங்கியில் நிற்பது. ஊசி விழுந்தாலும் எடுத்துக்கொள்ளும். குரலின் நெளிவு சுளிவெல்லாம் வேண்டுமென்றால் இரண்டாவதுதான் என்கிறார்கள். அதிலும் நேராகக் கணினியில் செருகுகிற வகை இருக்கிறது, தனியாக இன்னொரு பெட்டி வாங்க வேண்டாம்.

வெளியூரில் படிக்கும் சின்னவள் போனில் வந்தாள். "அப்பா, எது வேணும்னு அம்மாகிட்ட கேட்டீங்களா?"

"அம்மாவுக்கு மைக்கைப் பத்தி என்ன தெரியும்?"

"உங்களுக்கு?"

வாய்க்கொழுப்பு. யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் 14, சனி

வாங்கிவிட்டேன்.

இசைக்கருவிக் கடைக்காரர் பொறுமைசாலி. இரண்டு மைக்குகளை எடுத்து வைத்துவிட்டு, "பாடுறவங்களை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க சார். ரெண்டுலயும் பாடிப் பாக்கட்டும். ஒருத்தருக்கு எடுக்கிறது இன்னொருத்தருக்கு எடுக்காது" என்றார். எனக்குத் தெரியாத குரலா என்றேன். நானே இரண்டிலும் "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லிப் பார்த்தேன். தாங்கியில் நிற்கிற மைக்கில் என் குரல் வானொலிச் செய்தி மாதிரி கணீரென்று விழுந்தது. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. அதையே கட்டச் சொன்னேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்று தோன்றியது. அப்பாவுக்குக் கண்ணாடி வேண்டும் என்று மகன் மட்டும் வந்தால், ஆளைக் கூட்டி வா என்று திருப்பி அனுப்புகிறவன் நான். தோன்றியதோடு சரி.

ஜூன் 15, ஞாயிறு

காலையிலேயே சாப்பாட்டு மேசையைக் காலி செய்து ஸ்டூடியோ ஆக்கினேன். என் பக்கம் மடிக்கணினி, எதிரே அவள், நடுவில் மைக். பெயர் பொறித்த பக்கம் என்னைப் பார்த்து நிற்கிறது. கடையில் ஃபிரேம் அடுக்குகிற கை, எழுத்து தலைகீழாகவோ முதுகு காட்டியோ நின்றால் எனக்குப் பொறுக்காது. மின்விசிறியை அணைத்தேன், ஃபிரிட்ஜை அணைத்தேன். "மைக்கோட உச்சியைப் பாத்துப் பாடக் கூடாது, இது பக்கவாட்டுல கேக்குற மைக்" என்று பாடமும் எடுத்தேன். எத்தனை பேருக்கு இது தெரியும்?

பாடினாள். நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது அடியில் குரல் ஏறி, நின்று, மெதுவாக இறங்கியபோது நான் மவுஸைப் பிடித்த கையை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

போட்டுக் கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. மங்கல். ஆள் எங்கேயோ இருக்கிறாள். நடுவில் நான் ஒரு தடவை இருமியது மட்டும் அட்சர சுத்தமாக விழுந்திருக்கிறது.

"முதல் தடவைதானே" என்றேன். ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறந்து பால் கெட்டுப் போனது.

ஜூன் 19, வியாழன்

ஜன்னலுக்குப் போர்வை. கதவுக்குப் போர்வை. மேசைக்கடியிலும் ஒன்று. வீடு சலவைக்காரர் கடை மாதிரி இருக்கிறது. குரலில் மாற்றமில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மைக்கின் ஒலி அளவைக் கூட்டி வைத்துப் பார்த்தோம். மேல்வீட்டுத் தையல் இயந்திரம்கூட விழுகிறது, என் நாற்காலி முனகுவது விழுகிறது, இவள் குரல் மட்டும் எட்டாத தூரத்தில். பதினோரு தடவை பாடினாள். பதினொன்றாவது தடவை தொண்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"மைக்ல ஏதாவது கோளாறா இருக்குமோ?" என்றாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன். சும்மா விளையாட்டுக்கு. அவளும் சிரித்தாள்.

ஜூன் 29, ஞாயிறு

ஒரு வாரமாகக் காலையில் எழுந்து சாதகம் செய்கிறாள். வெந்நீர், மிளகு, தேன். குளிர்ந்த தண்ணீரைத் தொடுவதில்லை. இன்று மறுபடி ஆறு தடவை. அதே கிணறு.

ஜூலை 6, ஞாயிறு

காதில் கேட்பொறியை மாட்டிக்கொண்டு ஒரே பதிவை மூன்று முறை கேட்டாள். கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "முன்ன மாதிரி இல்லல்ல?" என்றாள்.

"வயசாகுதுல்ல" என்றேன். "நாப்பதைத் தாண்டினா கண்ணுக்குக் கிட்டப் பார்வை மங்குது. குரலும் அப்படித்தானே. எல்லாருக்கும் வர்றதுதான்."

வெள்ளெழுத்து வந்த வாடிக்கையாளரிடம் சொல்வதுபோலவே ஆறுதலாகத்தான் சொன்னேன். அவளும் வாடிக்கையாளர் மாதிரியே தலையை ஆட்டினாள்.

ஜூலை 9, புதன்

கீபோர்டு அண்ணனுக்குப் போன் போட்டாள். பக்கத்தில்தான் இருந்தேன். "வேற யாரையாவது பாட வைங்கண்ணே. எனக்குக் குரல் போயிடுச்சு." அவர் ஏதோ கேட்டார் போலிருக்கிறது. "இல்லண்ணே, அனுப்பல. அனுப்புற மாதிரி இல்ல."

போனை வைத்துவிட்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, ஆச்சரியம்தான்.

ஜூலை 20, ஞாயிறு

மைக்கை உறையில் போட்டு அலமாரி மேல் வைத்தேன்.

ஜூலை 28, திங்கள்

இவள் வேலை செய்யும் குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளராக இருக்கும் பெண்ணைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். "அக்காவுக்கு உடம்புக்கு ஏதாவது முடியலையா சார்?" என்றாள். ஏன் என்றேன். "முன்னெல்லாம் மத்தியானம் பாடித்தான் தூங்க வெப்பாங்க. அஞ்சு நிமிஷத்துல பதினாலு குழந்தைங்களும் சாஞ்சிடும். இப்ப போன்ல ஏதோ பாட்டைப் போட்டு விட்டுட்டு உக்காந்திருக்காங்க. ஒண்ணும் தூங்க மாட்டேங்குது. ஆளுக்கொரு பக்கம் ஓடுதுங்க."

அவள் அங்கே பாடுவாள் என்பதே எனக்குத் தெரியாது. இருபத்து மூன்று வருடம் ஒரே வீட்டில்.

யோசித்துப் பார்க்கிறேன். வீட்டிலும் சத்தமில்லை. பாத்திரம் தேய்க்கும்போது, துணி காயப்போடும்போது எப்போதும் ஏதாவது ஒரு இழுப்பு இருக்கும். எப்போது நின்றது?

ஆகஸ்ட் 9, சனி

மைக்கை விற்றுவிடலாமா என்றேன். "வித்துடுங்க, பாக்கும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கு" என்றாள். விளம்பரம் போட்ட ஒரு மணி நேரத்தில் ஒரு கணக்கு டீச்சர் கூப்பிட்டார். நாளை வருகிறார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எழுத வேண்டும். எழுதினால்தான் ஆகும்.

இவள் காய்கறி வாங்கப் போன நேரத்தில் டீச்சர் வந்தார். பாடங்களைப் பதிவு செய்து பிள்ளைகளுக்கு அனுப்புகிறவர். பழையபடியே வைத்தேன். நான் என் நாற்காலியில், அவர் எதிரே, நடுவில் மைக். கேட்பொறியை மாட்டிக்கொண்டு இரண்டு வார்த்தை பேசினார். நெற்றி சுருங்கியது.

"கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. அது மெதுவாத்தான் வாங்கும்" என்றேன். நான் சொன்னேன் இதை.

அவர் கையை நீட்டி மைக்கின் கழுத்தைப் பிடித்து அரைச் சுற்றுச் சுற்றினார். அவ்வளவுதான். "வணக்கம் பிள்ளைகளா, இன்னிக்குப் பின்னம் பாக்கப் போறோம்" என்றார். பிறகு கேட்பொறியைக் கழற்றி என்னிடம் கொடுத்து, பதிவை ஓடவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து காதில் பேசுகிற மாதிரி இருந்தது.

"திருப்பி வெச்சிருந்தீங்க சார். பேர் போட்டிருக்கிற பக்கம்தான் முன்பக்கம். பின்னாடி பேசினா இது கேக்காது, அப்படித்தான் செஞ்சிருக்காங்க. எவ்வளவு நாளா வெச்சிருக்கீங்க?"

"ரெண்டு மாசம்."

சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

விற்கவில்லை என்று சொன்னேன். இரண்டு பஸ் மாறி வந்தவருக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது. ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

பெட்டியைக் கொட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு துண்டுக் காகிதம், மடிப்புக்கூடக் கலையாமல். அதில் மைக்கைப் படமாகப் போட்டு, முன்னால் ஒரு முகம், பின்னால் ஒரு பெருக்கல் குறி. குழந்தைக்கும் புரியும்.

பிறகு பழைய பதிவுகளைப் போட்டேன். எல்லாவற்றையும். என் இருமல், என் நாற்காலி, என் மவுஸ், "ம், இன்னொரு வாட்டி" என்று நான் சொல்வது, என் மூச்சு. என் மூச்சுகூட. மூணு வாரமா அது என்னைத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கு. அவ பாடப் பாட, நான் மூச்சு விடுறதை உக்காந்து பதிவு பண்ணியிருக்கேன்.

கூடம் கோணல்தான். ஆடினவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சொல்லவில்லை. கடையில் மூன்று பேருக்குப் பரிசோதனை. "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்கும்போதெல்லாம் வாய் கசந்தது. சொல்லாமலே விட்டால் என்ன? குரல் போய்விட்டது என்று நம்பி அவள் காலம் தள்ளட்டும், நான் தப்பித்துக்கொள்கிறேன். இப்படியும் ஒரு யோசனை வருகிறது மனிதனுக்கு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சொல்லிவிட்டேன். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் வந்தது, திருப்பியது, காகிதம், எல்லாம். கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள்.

"அப்ப என் குரலுக்கு ஒண்ணும் ஆகல."

"ஒண்ணும் ஆகல. மைக்தான் திரும்பி நின்னுச்சு."

"சரி. மைக்குக்கு முதுகுப் பக்கம் உக்காந்தேன், அது கேக்கல." அடுத்த துணியை எடுத்தாள். "நீங்க எதிர்லதானே இருந்தீங்க. உங்க காதுல என்ன விழுந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"அதை ஏன் சொல்லல?"

நோட்டில் எழுதியதையும் கருவி காட்டியதையும் நம்பினேன், என் காதை நம்பவில்லை, அவளை நம்பவே இல்லை. இப்படி எழுதினால் அழகாக இருக்கிறது, ஆனால் அவளிடம் இதைக்கூடச் சொல்லவில்லை. அவள் துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கீபோர்டு அண்ணனைக் கடையிலிருந்து கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "எனக்கு அந்தப் பதிவை ஒரு தடவை அனுப்பியிருந்தா, கேட்ட உடனே மைக் திரும்பியிருக்குன்னு சொல்லியிருப்பேனே. ஒரு நிமிஷ வேலைங்க." பாட்டை வேறொருவர் பாடி முடித்துவிட்டார். அட்டை அச்சாகிற வரை போய்விட்டது. அடுத்து ஏதாவது செய்தால் பார்ப்போம் என்றார். செய்ய மாட்டார், வயதாகிவிட்டது, அதையும் அவரே சொன்னார்.

அவள் அனுப்பாததற்குக் காரணம் வெட்கம். அந்த வெட்கத்தைக் கொடுத்தது நான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தேவைக்குப் பேசுகிறாள். உப்பு, மின்கட்டணம், சின்னவள் செலவுக்கு அனுப்பியாச்சா. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

தொகுப்பு வந்துவிட்டது. போனில் அவளே போட்டாள், நானும் உட்கார்ந்தேன். அவள் பாட வேண்டிய தாலாட்டை, அதே குழுவில் அவளோடு சேர்ந்து பாடிய தோழி பாடியிருக்கிறார். குறை சொல்ல முடியாது.

"நல்லாப் பாடியிருக்கா" என்றாள் இவள். மனதாரத்தான் சொன்னாள். கொஞ்சம் கழித்து, "ரெண்டாவது அடியில மட்டும் மூச்சு பத்தல. அங்க நிறுத்தியிருக்கக் கூடாது" என்று அந்த இடத்தைத் தன்னையறியாமல் இழுத்துக் காட்டினாள். இழுத்து, மேலே நிறுத்தி, என்னைப் பார்த்ததும் விட்டுவிட்டாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அலமாரி மேலிருந்து மைக்கை அவளே ஸ்டூல் போட்டு எடுத்தாள். சின்னவளின் அறைக்குக் கொண்டு போனாள். அந்த அறை சிறியது, புத்தகமும் மெத்தையும் அடைத்துக் கிடக்கிறது. எதிரொலி இருக்காது. இது என் ஆறு பக்க நோட்டில் இல்லாத யோசனை.

"எது முன்பக்கம்?" என்றாள். காட்டினேன். நகப்பூச்சை எடுத்து வந்து அந்த இடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தாள்.

கணினியை எப்படி ஓட்டுவது என்று கேட்டுக்கொண்டாள். இரண்டு பொத்தான்தான். சொல்லி முடித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டேன், பழக்கம். "நான் பாத்துக்கிறேன். நீங்க வெளியில இருங்க" என்றாள். கதவு சாத்திக்கொண்டது. நான் போய் ஃபிரிட்ஜை அணைத்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

மூன்று ஞாயிறாக இதுதான் ஏற்பாடு. அவள் அறைக்குள் போனதும் மின்விசிறியையும் ஃபிரிட்ஜையும் அணைத்துவிட்டு, வீட்டை விட்டே வெளியேறிப் படிக்கட்டில் உட்காருகிறேன். முடிந்ததும் ஃபிரிட்ஜை மறக்காமல் போடுகிறேன். பால் கெடுவதில்லை.

மேல்வீட்டுத் தையல்காரம்மா இறங்கி வந்தார். "என்ன சார், வீட்ல துரத்திட்டாங்களா?"

"உள்ள ரெக்கார்டிங்."

"அதுக்கு நீங்க ஏன் வெளியில?"

"எது எது சத்தமோ அதையெல்லாம் நிறுத்தணும்ல" என்றேன். அவர் சிரித்துவிட்டு, தான் தைப்பதால் தொந்தரவா என்று கேட்டார். இல்லை, அது மைக்கின் பின்பக்கமாகப் போய்விடும் என்றேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

சின்னவள் பேசினாள். "அம்மா மூணாவது பாட்டு அனுப்பியிருக்காங்கப்பா. கேட்டீங்களா?" மூன்றாவதா? எனக்கு ஒன்றுமே வரவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. ம் என்றேன்.

காப்பகத்துப் பெண்ணையும் வழியில் பார்த்தேன். பதினாலும் தூங்குகிறதாம்.

அக்டோபர் 19, ஞாயிறு

மழை. படிக்கட்டில் சாரல் அடித்ததால் கதவோரமாக ஒண்டிக்கொண்டேன். ஜலதோஷம் வேறு. அரைமணி நேரம் கழித்துக் கதவைத் திறந்து, "உள்ள வாங்க" என்றாள். சாப்பாட்டு மேசையில் கணினி, பக்கத்தில் கேட்பொறி. அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

மாட்டிக்கொண்டேன். அதே தாலாட்டு. இரண்டாவது அடி ஏறியது, நின்றது. மூச்சு உடையவில்லை. மெதுவாக இறங்கியது. ஜூன் பதினைந்தாம் தேதி இந்த மேசையில் நான் கேட்டது இதுதான். அன்றைக்கும் இப்படியேதான் இருந்தது. முடிந்து, அவள் ஒரு பெருமூச்சு விட்டு, அதற்கும் பிறகு, எங்கேயோ தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒருவர் இருமினார். நான்தான்.

எழுந்து சமையலறை வாசலில் போய் நின்றேன்.

"நல்லா இருக்கு" என்றேன்.

"தெரியும்" என்றாள், திரும்பாமல்.

ஃபிரிட்ஜைப் போட்டேன். போக மனமில்லாமல் அங்கேயே நின்றேன். அவள் பாலை அடுப்பில் ஏற்றினாள்.

"கடைசியில உங்க இருமல் விழுந்திருக்கு. வெட்டிடலாம்னுதான் பாத்தேன்."

"ஏன் வெட்டல?"

"தூரத்துலதானே இருக்கு" என்றாள். "இருந்துட்டுப் போகட்டும்."